நஷ்டத்தை ஒப்புக்கொள்ளாத யந்திரம்



வீட்டில் எல்லோரும் தூங்கும் வேளையில் யந்திரமே வியாபாரம் செய்கிறது. காலையில் எழுந்து பார்த்தால் இலாபம் கணக்கில் ஏறியிருக்கிறது. இப்படி ஒரு பேச்சு இந்நாட்களில் நம்மவர் பலரின் காதிலும் விழுகிறது. ஃபாரெக்ஸ் எனப்படும் அந்நிய நாணய வியாபாரத்தில், மனிதனுக்குப் பதிலாகத் தானே வாங்கி விற்கும் கம்ப்யூட்டர் நிரல்களை ரோபோ என்ற பெயரால் விற்கிறார்கள். இவற்றில் பல, 'மார்ட்டிங்கேல்' என்னும் பழைய முறையைக் கொண்டு நடப்பவை. இதில் பணம் போடுவது பாவமா, அல்லது வெறும் துணிச்சல்தானா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. பதில் சொல்லுமுன் அந்த முறை இன்னதென்று அறிந்துகொள்வோம்.

மார்ட்டிங்கேல் என்பது 18-ம் நூற்றாண்டில் பிரான்ஸ் தேசத்துச் சூதாட்டக்காரரிடையே வழங்கிய பந்தய முறை. ஒரு ரூபாய் வைத்துத் தோற்றால் அடுத்த முறை 2 ரூபாய் வைக்க வேண்டும். அதிலும் தோற்றால் 4, பிறகு 8, பிறகு 16. என்றாவது ஒருமுறை ஜெயித்தே தீருவோம்; அப்போது இழந்ததெல்லாம் திரும்பி வந்து, மேலும் ஒரு ரூபாய் கையில் நிற்கும். கேட்பதற்கு எவ்வளவு எளிது! ஆனால் கணக்கைப் பாருங்கள். தொடர்ந்து 10 முறை தோற்றவன் 1,023 ரூபாய் இழந்திருப்பான். 11-ம் பந்தயத்துக்கு 1,024 ரூபாய் வேண்டும். இவ்வளவும் ஒரே ஒரு ரூபாய்க்காக!

பத்து முறையும் தொடர்ந்து தோற்பது நடக்கக்கூடியதா என்று கேட்பீர்கள். 1913-ம் ஆண்டு ஆகஸ்ட் 18-ந் தேதி, மான்டி கார்லோ சூதாட்ட மாளிகையின் ரூலெட் சக்கரத்தில் தொடர்ந்து 26 முறை கறுப்பே விழுந்தது. இனிச் சிவப்பு வராமற் போகாது என்று பணத்தைக் கொட்டியவர்கள் பெருந்தொகைகளை இழந்தார்கள். முந்திய சுற்றில் என்ன விழுந்தது என்பது சக்கரத்துக்குத் தெரியாது.

சரி, பத்து முறையோடு நிறுத்திக்கொள்வோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலையா பூவா போடுவதுபோல் சரிசமமான ஆட்டத்தில், சராசரியாக 1,024 சுற்றுகளில் 1,023 சுற்றுகள் ஒவ்வொரு ரூபாய் தரும்; மீதி ஒரு சுற்று 1,023 ரூபாயைக் கொண்டுபோகும். மிஞ்சுவது பூஜ்யம். வியாபாரத்திலோ வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசமும், பல வேளைகளில் இரவு தாண்டி வைத்திருப்பதற்கான வட்டியும் கழிய வேண்டும். ஆகவே இந்த முறை இலாபத்தை உண்டாக்குவதில்லை. நஷ்டத்தைச் சேர்த்து வைத்து, ஒரே நாளில் கொடுக்கிறது.

நாணய வியாபாரத்தில் ரோபோ இதையே வேறு விதமாய்ச் செய்கிறது. வாங்கிய நாணயம் விலை இறங்கினால் அதை விற்காமல், இரு மடங்கு வாங்குகிறது. மேலும் இறங்கினால் நான்கு மடங்கு. விலை சற்று ஏறியதும் அனைத்தையும் விற்று, சிறு இலாபத்தோடு வெளியே வருகிறது. அதனால் முடிந்த வியாபாரங்களின் பட்டியலில் மாதக்கணக்காக இலாபமே தெரியும். முடியாத வியாபாரங்களில் தொங்கும் நஷ்டமோ வேறொரு வரியில் கிடக்கும். ரோபோவை விற்பவர் அந்த வரியைக் காட்டுவதில்லை. வாங்குபவரும் அதைப் பார்க்க விரும்புவதில்லை. இதற்கு மேல், 100 ரூபாய் முன்பணத்தைக் கொண்டு 3,000 ரூபாய்க்கு வியாபாரம் செய்ய இடமுண்டு. அப்படிச் செய்தால், விலை நூற்றுக்கு மூன்று இறங்கியதும் 90 ரூபாய் போய்விடும்.

சுவிட்ஸர்லாந்தில் நடந்ததைக் கேளுங்கள். 2011-ம் ஆண்டு செப்டம்பர் 6-ந் தேதி அந்நாட்டு மத்திய வங்கி, ஒரு ஈரோவின் விலையை 1.20 பிராங்குக்குக் கீழே இறங்க விடமாட்டோம் என்று அறிவித்தது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் அந்தச் சொல் நின்றது. விலை அந்த எல்லையை நெருங்கும்போதெல்லாம் ஈரோவை வாங்கியவர்களுக்கு அது நிச்சயமான இலாபமாகவே தோன்றியது. 2015-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி முன்னறிவிப்பின்றி வங்கி அந்த உறுதியைக் கைவிட்டது. சில நிமிடங்களில் ஈரோ ஒரு பிராங்குக்கும் கீழே விழுந்தது. இந்த விலை வந்தால் விற்றுவிடு என்று முன்கூட்டியே கொடுத்திருந்த ஸ்டாப் லாஸ் உத்தரவுகள் பல, அந்த விலையில் வாங்க ஆளில்லாமல் பயனற்றுப் போயின. போட்ட பணத்தை இழந்ததோடு, அதற்கு மேலும் கடனாளியானவர்கள் அநேகர். ஒரே ஒரு அமெரிக்கத் தரகு நிறுவனத்துக்கு அதன் வாடிக்கையாளர்கள் பட்ட கடன் 22 கோடியே 50 லட்சம் டாலர்.

இரட்டிப்புக்கு எல்லை வைக்கலாம், இவ்வளவு நஷ்டமானால் நிறுத்திவிடும்படி ரோபோவுக்குக் கட்டளை கொடுக்கலாம், தனித் தொகை ஒதுக்கலாம், தொங்கும் நஷ்டத்தைத் தினமும் பார்க்கலாம் என்று அறிந்தவர்கள் சொல்கிறார்கள். இவையெல்லாம் நல்ல புத்திமதிகளே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எல்லை வைத்த அக்கணமே, தோல்வியே இல்லை என்ற வாக்குறுதி போய்விட்டது. இந்த முறையைப் பத்திரமாக நடத்துவதற்கு உள்ள வழி, தோல்வியை ஒப்புக்கொள்வதுதான். அதை ஒப்புக்கொண்டால் பிறகு இந்த முறையினால் என்ன பயன்?

இனி மனச்சாட்சியின் கேள்விக்கு வருவோம். உழவனும் வியாபாரியும் துணிந்து முதல் போடுவதில்லையா, தாலந்து உவமையில் எஜமான் வியாபாரம் செய்த ஊழியனைப் புகழவில்லையா என்று சிலர் கேட்பார்கள். உண்மையே. ஆனால் உழவன் துணிவதால் பிறருக்கு நெல் கிடைக்கிறது. விளைச்சல் பொய்த்தால் மறுநாளே இரு மடங்கு நிலத்தை அடகு வைத்து அவன் விதைப்பதில்லை. உவமையின் ஊழியனோ எஜமான் முன் நின்று முழுக்கணக்கும் ஒப்புவித்தான். நஷ்டத்தை வேறொரு வரியில் மறைக்கவில்லை.

சூதும் பந்தயமும் தம்மிலேயே நீதிக்கு விரோதமல்ல, ஆனால் தனக்கும் தன்னை நம்பியவர்களுக்கும் வேண்டியதைப் பறிக்கும்போது அவை ஒழுக்கத்துக்கு ஒவ்வாதவை என்பது, 1992-ல் வெளிவந்த திருச்சபையின் ஞானோபதேசம் கற்பிப்பது. ஆகவே முதற் கேள்வி, அந்தப் பணம் யாருடையது என்பதே. மகளின் கலியாணத்துக்குச் சேர்த்ததா? மனைவியின் நகையை அடகு வைத்ததா? அப்படியானால் தினம் வரும் சிறு இலாபம் உங்களுக்கு. ஒருநாள் வரும் பெரிய இழப்போ, சம்மதம் கேட்கப்படாத அவர்களுக்கு. இது நீதிக்கு விரோதமான காரியம். ரோபோ செய்தது, நான் செய்யவில்லை என்று சொல்லவும் முடியாது. அதை ஓடவிட்டவர் நீங்களே. நவநாள் செய்துவிட்டு அதை ஓடவிடுவதும் தேவ நம்பிக்கை ஆகாது. அது சர்வேசுரனைச் சோதிப்பது.

இன்னும் ஆழமான காரியம் ஒன்று உண்டு. நான் தோற்றேன் என்று சொல்ல மறுப்பதே இந்த முறையின் உயிர். நம் ஆத்துமத்திலும் இது நடப்பதுதானே? ஒரு பொய்யை மறைக்க இரண்டு பொய். இரண்டை மறைக்க நான்கு. கணவன் முதல் நஷ்டத்தை மனைவிக்குச் சொல்லியிருந்தால், அது ஒரு மாதச் சம்பளத்தோடு போயிருக்கும். மறைத்ததால் வீட்டையே கேட்கிறது. குற்றம் சிறிதாயிருக்கும்போதே அறிக்கையிட வேண்டும் என்று பாவசங்கீர்த்தனம் நமக்குக் கற்பிப்பது, நம்மைக் கூசச் செய்வதற்காக அல்ல. அது வளராதபடி காப்பதற்காகவே.

நாட்டுச் சட்டத்தையும் மறவாதீர்கள். அனுமதியில்லாத ஃபாரெக்ஸ் தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை நம் ரிசர்வ் வங்கி 2022-ம் ஆண்டு வெளியிட்டது. அனுமதியற்றவர்களோடு இந்த வியாபாரம் செய்பவர், 1999-ம் ஆண்டின் அந்நியச் செலாவணி நிர்வாகச் சட்டப்படி நடவடிக்கைக்கு உள்ளாகலாம்.

ஏற்கெனவே இதில் இறங்கியவர் யாரேனும் இதை வாசித்தால், இன்றிரவு ஆத்துமசோதனை செய்யும்போது மூன்று கேள்விகளைத் தம்மையே கேட்டுக்கொள்வாராக. இந்தப் பணம் முழுதும் போனால் என் வீட்டில் யாருடைய தேவைக்குக் குறைவு வரும்? தொங்கும் நஷ்டம் இன்று எவ்வளவு? அது என் மனைவிக்கு, என் கணவருக்குத் தெரியுமா? மூன்றாம் கேள்விக்குத் தெரியாது என்பது பதிலானால், விடியும்வரை காத்திராமல் யந்திரத்தை நிறுத்திவிட்டு, வீட்டாரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கோபம் வரலாம், கண்ணீரும் வரலாம். ஆனாலும் நாளைக்கு அது இரட்டிப்பாகாது.