பிறந்த மண்ணும் கையொப்பமும்

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டுச் செல்வதும், காலம் கனிந்தபின் அவ்வூருக்கே திரும்ப விழைவதும் மனித இயல்பு. அவ்விழைவைக் குற்றமெனக் கூறுவார் எவரும் இலர். ஆனால், சென்ற இடத்தில் ஒருவனை நம்பி ஒரு நிறுவனம் பொருளையும் காலத்தையும் செலவிட்டிருக்கிறது. பல்லாயிரம் மக்கள் அவன் மீது நம்பிக்கை வைத்திருக்கின்றனர். அந்நிலையில் அவன், 'என்னை என் ஊருக்கே அனுப்பிவிடுங்கள்' என்று கேட்பானாயின், அது உரிமையா, நன்றி மறத்தலா? இவ்வினாவுக்கு விடை காண ஆஸ்திரேலியக் காற்பந்து உலகம் நல்லதொரு களமாக அமைந்துள்ளது. அங்கு ஆண்டுதோறும் ஆட்டக்காலம் முடிந்ததும் இவ்வினா எழுகிறது. ஆண்டுதோறும் மக்கள் இரு கட்சியாகப் பிரிந்து வாதிடுகின்றனர்.

ஆஸ்திரேலியக் காற்பந்து என்பது நாம் அறிந்த காற்பந்தன்று. முட்டை வடிவத் திடலில், அதே வடிவப் பந்தைக் கொண்டு, பக்கத்துக்குப் பதினெண்மர் ஆடும் ஆட்டம் அது. அதன் தலையாய போட்டி விக்டோரியா மாநிலத்துக் குழுக்களின் போட்டியாகவே நெடுங்காலம் விளங்கிற்று. 1982இல் சவுத் மெல்பர்ன் குழு சிட்னிக்குக் குடிபெயர்ந்தது. 1987இல் பெர்த் நகரின் வெஸ்ட் கோஸ்ட் ஈகிள்ஸ் குழுவும் குயின்ஸ்லாந்தின் பிரிஸ்பேன் குழுவும் சேர்ந்தன. 1990இல் போட்டியின் பெயரே ஆஸ்திரேலியக் காற்பந்து லீக் என மாற்றப்பட்டது. 2012 முதல் அதில் பதினெட்டுக் குழுக்கள் ஆடி வருகின்றன. அவற்றுள் பத்து விக்டோரியாவைச் சேர்ந்தவை. மேற்கு ஆஸ்திரேலியா, தென் ஆஸ்திரேலியா, நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து ஆகிய நான்கு மாநிலங்களுக்கும் இவ்விரண்டு குழுக்களே உள்ளன.

இக்குழுக்களில் சேரும் இளைஞர்கள் தமக்கு விருப்பமான குழுவைத் தேடிச் சேர்வதில்லை. 1986இல் தொடங்கப்பெற்ற தேசியத் தேர்வு முறைப்படி, முந்திய ஆட்டக்காலத்தில் கடைசி இடம் பெற்ற குழு முதலாவதாகத் தேர்ந்தெடுக்கும். வெற்றி பெற்ற குழு இறுதியில் தேர்ந்தெடுக்கும். செல்வமுள்ள குழுக்களே சிறந்த ஆட்டக்காரர் அனைவரையும் வாரிக்கொள்ளாதிருக்கவும், மெலிந்த குழுக்கள் தலையெடுக்கவும் செய்யப்பட்ட நல்லேற்பாடு இது. ஆயினும் இதன் மறுபக்கம் ஒன்று உண்டு. பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த பதினெட்டு வயது இளைஞன், தான் எந்நகரில் வாழப்போகிறான் என்பதைப் பிறர் வாயிலாகவே அறிகின்றான். பெர்த்தில் பிறந்தவனை மெல்பர்ன் குழு அழைத்தால், ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் கடந்து அவன் சென்றாக வேண்டும். மறுத்தால் அவனுக்கு ஆட்டமே இல்லை.

அவ்வாறு சென்றவர்களுள் சிலர், முதல் ஒப்பந்தம் முடியும் தறுவாயிலோ அதற்கு முன்போ பின்போ, தம் மாநிலத்துக் குழு ஒன்றுக்குத் தம்மைப் பரிமாற்றம் செய்யுமாறு வேண்டுகின்றனர். தொலைதூரப் பள்ளிக்கு அனுப்பப்பட்ட ஆசிரியர் இடமாற்றத்துக்கு விண்ணப்பம் எழுதுவதை இதற்கு ஒப்பிடலாம். ஆனால் ஓர் ஆசிரியருக்குப் பதில் மற்றோர் ஆசிரியரை அனுப்பிவிட முடியும். சிறந்த ஆட்டக்காரனுக்கு ஈடு கிடைப்பதோ அரிது. சிக்கலின் வேர் அங்குள்ளது.

குழுக்களின் தரப்பு நியாயத்தை முதலில் நோக்குவோம். 2013ஆம் ஆண்டின் இறுதியில் பிரிஸ்பேன் லயன்ஸ் குழுவிலிருந்து ஐந்து இளம் ஆட்டக்காரர்கள் ஒருசேர விலகினர். எலியட் இயோ மேற்கு ஆஸ்திரேலியாவுக்கும், ஜேரட் போலக் தென் ஆஸ்திரேலியாவுக்கும், மற்ற மூவர் விக்டோரியக் குழுக்களுக்கும் சென்றனர். நாற்று விட்டு, நீர் பாய்ச்சி, களை பறித்தவன் ஒருவன்; அறுவடை செய்தவன் மற்றொருவன் என்ற நிலை ஏற்பட்டது. இயோ 2018இல் வெஸ்ட் கோஸ்ட் குழு வெற்றிக் கிண்ணம் வென்றபோது அதில் ஆடினார். பயிற்சி தந்த குழுவோ பல ஆண்டுகள் பட்டியலின் அடியில் கிடந்தது. மெலிந்த குழுவைத் தூக்கிவிடவே தேர்வு முறை ஏற்பட்டதெனில், திரும்பிச் செல்லும் வழக்கம் அந்நோக்கத்தையே தோற்கடிக்கிறதன்றோ என்று குழுக்கள் கேட்பதில் பொருள் உண்டு. கையொப்பமிட்ட ஒப்பந்தம் கையொப்பமிட்டவனையும் கட்டுப்படுத்த வேண்டும் என்பதும் மறுக்கவொண்ணாத வாதமே.

இளைஞர் தரப்பு நியாயமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. நன்றிக்கடன் என்பது விரும்பிப் பெற்ற உதவிக்கே முழுமையாகப் பொருந்தும். தான் தேர்ந்தெடுக்காத இடத்தில், வேறு வழியின்றி இட்ட கையொப்பத்துக்கு, ஊரறிந்து தேர்ந்த கையொப்பத்தின் முழு எடையையும் ஏற்றலாகாது. மேலும், ஆட்டத்திறன் குன்றியவனையும் காயமுற்றவனையும் குழுக்கள் ஆண்டுதோறும் தயக்கமின்றி விடுவிக்கின்றன. தேவையானபோது பற்றுறுதியைக் கோருவதும், தேவை தீர்ந்தபோது 'இது தொழில்' என்று கைகழுவுவதும் நேர்மையாகா.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. அதே லீக்கில் தந்தை–மகன் விதி என்றொரு விதி உண்டு. ஒரு குழுவுக்காகக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆட்டங்கள் ஆடியவரின் மகனை அக்குழுவே தேர்ந்தெடுக்கச் சலுகை அளிப்பது அது. குருதித் தொடர்பையும் குடும்பப் பற்றையும் போற்றத்தக்க பண்புகளாக அவ்விதி ஏற்றுக்கொள்கிறது. குழுவுக்குப் பயன்படும்போது மரபு என்று போற்றப்படும் அதே பற்று, பத்தொன்பது வயது இளைஞன் தாய் தந்தையர் இருக்கும் ஊரை நாடும்போது மட்டும் மனவலிமைக் குறைவு என்று இகழப்படுவது ஏன்? ஒரே பண்புக்கு இரு பெயர் சூட்டுவது நீதியன்று.

எனினும், 'வீடு' என்னும் சொல் எப்போதும் தன் நேர்ப்பொருளிலேயே வழங்குகிறதா என்பதையும் ஆராய்தல் வேண்டும். பிரிஸ்பேனை விட்டு நீங்கிய ஐவரையும் 'வீடு திரும்பியோர்' என ஏடுகள் சேர்த்தே அழைத்தன. அவர்களுள் ஒருவரோ குயின்ஸ்லாந்துக்காரர். தோற்கும் குழுவை விட்டு வெல்லும் குழுவை நாடுதலும், கூடுதல் ஊதியத்தை விழைதலும் குற்றங்கள் அல்ல. அவற்றின் மீது தாயின் பெயரைப் போர்த்துவதே குற்றம். பொய்க்காரணம் கூறுகின்றவன், மெய்யாகவே வீட்டை நாடி வாடும் அடுத்த இளைஞனின் சொல்லை மக்கள் நம்பாதபடி செய்துவிடுகின்றான்.

ஆகவே, கேட்பது சரியா தவறா என்பதைவிட, எவ்வாறு கேட்பது என்பதே அறத்தின் உரைகல்லாகும். மூன்று நிகழ்ச்சிகள் இதனை விளக்கும்.

கிறிஸ் ஜட் விக்டோரியாவில் பிறந்தவர். 2001ஆம் ஆண்டுத் தேர்வில் மூன்றாவதாக வெஸ்ட் கோஸ்ட் குழுவால் எடுக்கப்பட்டார். ஆறு ஆட்டக்காலங்கள் அங்கு ஆடினார். 2004இல் லீக்கின் உயர் விருதாகிய பிரவுன்லோ பதக்கம் பெற்றார். 2006இல் குழுத் தலைவராக நின்று வெற்றிக் கிண்ணத்தைப் பெற்றுத் தந்தார். 2007இல் ஒப்பந்தம் முடிந்த பின்னரே விக்டோரியாவுக்குத் திரும்ப விழைந்தார். கார்ல்டன் குழு அவருக்கு ஈடாக 3ஆவது, 20ஆவது தேர்வுரிமைகளையும் ஜோஷ் கென்னடி என்னும் இளைஞரையும் அளித்தது. கென்னடி மேற்கு ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். பின்னாளில் வெஸ்ட் கோஸ்ட் குழுவுக்காக 700க்கும் மேற்பட்ட கோல்களை அடித்து அதன் வரலாற்றிலேயே முதலிடம் பெற்றார். ஜட் 2010இல் மீண்டும் பிரவுன்லோ பதக்கம் வென்றார். கடன் தீர்த்துப் பிரிந்தமையால் இரு தரப்பும் வாழ்ந்தன.

டிம் கெல்லியும் மேற்கு ஆஸ்திரேலியரே. 2017ஆம் ஆண்டுத் தேர்வில், 23 வயதில், குடும்பத்தவராக இருந்த நிலையில் ஜீலாங் குழுவால் எடுக்கப்பட்டார். ஓராண்டு ஆடியபின் குடும்பத்தின் பொருட்டுப் பெர்த்துக்குத் திரும்ப வேண்டினார். குழுக்களிடையே உடன்பாடு ஏற்படவில்லை, வேண்டுகோள் நிறைவேறவில்லை. அவர் முகம் சுளிக்கவில்லை. 2019 முழுவதும் தம் ஆற்றல் அனைத்தையும் தந்து ஆடினார். அவ்வாண்டின் சிறந்த ஆட்டக்காரர்களைக் கொண்ட அகில ஆஸ்திரேலியக் குழுவில் இடம் பெற்றார். ஜீலாங்கும் அவ்வாண்டுப் புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஆண்டிறுதியில் அவர் பெர்த்துக்குத் திரும்பினார். ஜீலாங்கும் தக்க ஈடு பெற்றது. கேட்டது கிடைக்காத ஓராண்டில் ஒருவன் எவ்வாறு உழைக்கின்றான் என்பதே அவன் தரத்தை அறிவிக்கும் அளவுகோல்.

மூன்றாமவர் ஜேசன் ஹோர்ன்–பிரான்சிஸ். தென் ஆஸ்திரேலியர். 2021ஆம் ஆண்டுத் தேர்வில் நாட்டிலேயே முதல்வராக நார்த் மெல்பர்ன் குழுவால் எடுக்கப்பட்டார். ஒப்பந்தத்தில் ஓராண்டு எஞ்சியிருக்கையிலேயே 2022இன் இறுதியில் போர்ட் அடிலேய்ட் குழுவுக்கு மாறினார். அதன்பின் அவர் பந்தைத் தொட்டபோதெல்லாம் எதிர்க்குழுவினரின் ரசிகர்கள் கூச்சலிட்டு இகழ்ந்தனர். ஒப்பந்தம் நிறைவேறாமை குறையே. அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் பத்தொன்பது வயதில் வீட்டை நாடியவனைப் பல்லாயிரவர் சேர்ந்து ஏளனம் செய்வது அதனினும் பெருங்குறை. பிழை ஒருவனுடையது, அவனைத் தூரத்துக்கு அனுப்பிய ஏற்பாடோ அனைவருடையது. தண்டனையை மட்டும் அவ்விளைஞன் ஒருவனே சுமப்பது எங்ஙனம் முறையாகும்?

இவ்விடத்தில் பொறுப்பு, விதி வகுத்தோர் பக்கம் திரும்புகிறது. குழுக்களிடையே சமத்துவம் காணும் பொருட்டு இளைஞரின் ஊரைப் பறித்தவர்கள், அவ்விழப்பை ஈடு செய்யவும் கடமைப்பட்டவர்கள். 2012இல் கொண்டுவரப்பட்ட விதி, ஒரே குழுவில் எட்டு ஆண்டுகள் ஆடியவர்க்கு விலகிச் செல்லும் உரிமையை வரையறைகளுடன் வழங்கிற்று. ஆனால் பதினெட்டில் சென்றவன் அவ்வுரிமை பெறும்போது அவனுக்கு வயது இருபத்தாறு. அதுவரை அவனைத் தாங்க வேண்டியது குழுவே. டாஸ்மேனியா, வடக்கு ஆட்சிப் பகுதி ஆகியவற்றின் இளைஞர்களை நினைத்தால் இக்கடமை இன்னும் தெளிவாகும். டாஸ்மேனியாவுக்கு 2023இல்தான் தனிக்குழு அமைக்க உரிமம் கிடைத்தது. வடக்கு ஆட்சிப் பகுதிக்கு அதுவும் இல்லை. தம் ஊரில் குழுவே இல்லாதவர் எங்குத் திரும்பக் கேட்பது? ஆட்டத்தைத் துறந்தாலன்றி அவர்க்கு வீடில்லை.

வேறோர் உண்மையும் இங்கு நினைவுகூரத்தக்கது. பிறந்த மண்ணே அனைவர்க்கும் நிழல் தருவதில்லை. ஜோ டேனிஹர் எஸ்ஸெண்டன் குழுவின் புகழ்பெற்ற குடும்பத்தில் வந்தவர். அவர் தந்தையும் மூன்று பெரியப்பா, சித்தப்பாமாரும் 1990இல் ஒரே ஆட்டத்தில் அக்குழுவுக்காகச் சேர்ந்து ஆடியவர்கள். அவரோ 2020இன் இறுதியில் அம்மரபை விட்டு நீங்கிப் பிரிஸ்பேனுக்குச் சென்றார்; 2024இல் அங்கு வெற்றிக் கிண்ணம் வென்று ஓய்வு பெற்றார். ஒரு காலத்தில் ஐவரை இழந்து நின்ற அதே பிரிஸ்பேன் 2024, 2025 என அடுத்தடுத்து இருமுறை வாகை சூடியது. இளைஞர் விட்டோடிய ஊர், அயலூரார் நாடி வந்து தங்கும் ஊராக மாறியது. வீடு என்பது பிறப்பினால் மட்டும் வாய்ப்பதன்று. அன்பினாலும் பொறுமையினாலும் ஆக்கிக்கொள்ளவும்படுவது.

ஆதலின், திரும்ப விழைபவன் நான்கு கடமைகளை உடையவன். உண்மைக் காரணத்தைக் கூறுதல், இயன்றவரை ஒப்பந்தக் காலத்தை நிறைவு செய்தல், விட்டுச் செல்லும் குழுவுக்குத் தக்க ஈடு கிட்ட உதவுதல், விடை கிடைக்கும் வரை குறைவின்றி உழைத்தல் என்பன அவை. அவனை அழைத்துச் சென்ற குழுவுக்கும் ஒரு கடமை உண்டு. வந்தவனை விளைச்சலாக எண்ணாது பிள்ளையாக எண்ணுதல். இவ்விரண்டும் நிறைவேறிய பின்னரும் ஒருவன் ஊர் திரும்ப விழைந்தால், அவனைத் தடுத்து நிறுத்துவதால் உடல் மட்டுமே ஆடுகளத்தில் நிற்கும், உள்ளம் நில்லாது. அத்தகையவனை வாழ்த்தி வழியனுப்புவதே அறம். வாழ்த்துப் பெற்றுச் சென்றவன் அக்குழுவின் பெயரை எந்நாளும் நன்றியோடு நினைப்பான். ஒப்பந்தத் தாளினால் மட்டும் அந்த நன்றியைப் பெற்றுவிட இயலாது.