அயலூர்த் தொண்டு

தன் இல்லத்தாரும் தன் தெருவினரும் துன்புற்றிருக்க, கடல் கடந்து சென்று அயலார்க்குத் தொண்டு செய்தல் முறையாகுமோ? இவ்வினாவை எளிதில் தள்ளிவிட இயலாது. தொலைவிலுள்ளாரிடம் காட்டும் அன்பிற் புகழாசை கலத்தல் எளிது. அண்டை வீட்டாரிடம் காட்டும் அன்பில் அதற்கு இடம் குறைவு.

ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டு லாம்பரேனே என்னுமிடத்தில் 1913-ஆம் ஆண்டு ஆல்பர்ட் சுவைட்சரும் அவர்தம் துணைவியார் ஹெலேனாவும் மருத்துவத் தொண்டு தொடங்கினர். செவிலியர் பயிற்சி பெற்ற அவ்வம்மையார் உடல் நலிவால் பல்லாண்டுகள் ஐரோப்பாவில் தங்க நேர்ந்தது. சுவைட்சர் 1965-இல் தமது தொண்ணூறாம் வயதில் லாம்பரேனேயிலேயே மறைந்தார். அவர் பிணி தீர்த்ததை எவரும் மறுத்திலர். ஆயினும், அம்மக்களைத் தமக்கு ஒப்பானவராகக் கருதாது, இளையோராகவே கருதினார் என்னும் குறையைப் பலர் எடுத்துரைத்தனர். ஈவோன் உயரத்தில் நின்று ஈதலே இக்குறையின் வேர்.

நம் நாட்டிலும் ஓர் இணையர் வாழ்ந்தனர். 1917-இல் பர்மிங்காமிற் பிறந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், கேரளத்து மருத்துவர் எலிசபெத்தை 1948-இல் மணந்தார். மணம் முடித்து இமயமலைப் பகுதியான பித்தோராகருக்குச் சென்றனர். வந்தவர் மருத்துவர் என்றறிந்த மலைவாழ் மக்கள் திரண்டு வந்தமையால் அங்கேயே தங்கிவிட்டனர். சில நாள் தங்கச் சென்ற இடத்திற் பல ஆண்டுகள் கழிந்தன! பின்னர் 1963-இல் கேரளத்து வாகமண் மலைக்கும், அதன்பின் திருவனந்தபுரத்திற்கும் வந்தனர்.

இங்கு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. தாம் இங்கிலாந்திற் கற்ற கட்டடக் கல்வி மலையூரின் கல்லுக்கும் மண்ணுக்கும் பெரிதும் உதவாமையைப் பேக்கர் கண்டார். அவ்வூர் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிவந்த முறையைக் கண்டு பயின்றார். கட்டுமிடத்திற்கு ஐந்து மைல் தொலைவுக்குள் கிடைக்கும் பொருள்களாலேயே வீடு அமைத்தல் வேண்டும் என்று காந்தியடிகள் கூறிய அறிவுரையையும் வாழ்நாள் முழுதும் போற்றினார். கொடுக்கச் சென்றவர் பெறுபவராகவும் ஆயினர். கற்கும் பணிவு உள்ளவிடத்தில் உயர்வு தாழ்வு நில்லாது. அவரும் தொண்ணூறு ஆண்டு வாழ்ந்து 2007-இல் மறைந்தார். அதற்கு முன்னரே இந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றிருந்தார்.

ஆகவே, தொண்டினை அளக்கும் கோல் தொலைவு அன்று. ஒருநாள் வீரம் எவர்க்கும் கூடும். நாள்தோறும் அதே வாயிலைத் திறந்து, அதே நோயாளரின் குறை கேட்டு, சலியாதிருத்தல் அரிது. அவ்வூராரோடு ஒருவராக வாழ்பவர்க்கு அயலூர் என்பதே இல்லை.

கொச்சியை அடுத்த காக்கநாட்டில், 2004-இல் இன்ஃபோபார்க் எழுந்தபின் அடுக்குமாடிகள் மல்கின. மக்களை வெளிநாடுகளுக்கு அனுப்பிவிட்டு அவற்றில் தனித்து வாழும் முதிய இணையர் பலர். தம் பணி முடிந்ததென அவர்கள் எண்ணுதல் வேண்டா. சுவருக்கு அப்பால் வாழ்பவரின் பெயரை நாம் அறியோமாயின் அவரும் நமக்குத் தொலைநாட்டாரே அன்றோ? அக்கதவைத் தட்டி, கற்கும் உள்ளத்தோடு நலம் வினவுதல் கடல் கடத்தலினும் எளிதன்று. ஆயினும் அதனினும் தாழ்ந்ததும் அன்று.