ஆள் நிக்கணும்ல, சார்

போன ஆவணியில் கொரட்டூரில் எங்கள் வீட்டுக்கு மாடி எடுத்துக்கொண்டிருந்தோம். சாமான் சட்டெல்லாம் கீழே ஒரே அறையில். அந்த மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஒரு ராத்திரி நானும் மகனும் மடிக்கணினியில் 'கெட் அவுட்' பார்த்தோம். ஜோர்டன் பீல் குறைந்த செலவில் எடுத்து, 2017இல் வெளியான திரில்லர். மறுவருஷம் திரைக்கதைக்கு ஆஸ்கர் வாங்கியது.

கறுப்பின இளைஞன் ஒருவன் வெள்ளைக்காரக் காதலியின் பெற்றோர் வீட்டுக்குப் போகிறான். அங்கே யாரும் அவனைத் திட்டுவதில்லை. தோட்டத்து விருந்துக்கு வந்தவர்கள் அவன் கையை அமுக்கிப் பார்க்கிறார்கள், உடல்வாகைப் புகழ்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து அதே மனிதர்கள் அவன் படத்தை முன்னால் வைத்து, வாயே திறக்காமல், பிங்கோ அட்டையைத் தூக்கித் தூக்கி ஏலம் கேட்கிறார்கள். "சே, என்ன மனுஷங்கப்பா" என்றான் மகன். நானும் தலையாட்டினேன்.

மறுநாள் விடியற்காலை திருவள்ளூர்ப் பக்கமிருந்து செங்கல் லோடு வந்தது. மேஸ்திரியிடம் வேலை பார்த்த இரண்டு ஒடிசாப் பையன்கள் கல்லை இறக்கினார்கள். ஒருவன் தோளைத் தட்டிக் காட்டி மேஸ்திரி சொன்னார்: "நம்ம ஆள் ரெண்டு பேர் தூக்குறத இவன் ஒருத்தனே தூக்குவான் சார்." முன்பும் பலமுறை அவர் இதைச் சொல்லியிருக்கிறார். நானும் பெருமையாகக் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் நெஞ்சில் முள் தைத்த மாதிரி இருந்தது. முந்தின ராத்திரி பார்த்த தோட்டம் என் வாசலுக்கே வந்துவிட்டது.

அதைவிட மோசம், பத்து நாளைக்கு முன்னால் நான் செய்த காரியம். "பண்டிகை வருதுன்னு பசங்க ஊருக்குக் கிளம்பிட்டா சென்ட்ரிங் வேலை நின்னுடும். ஒரு வாரக் கூலியப் பிடிச்சு வச்சுக்கங்க" என்று மேஸ்திரியிடம் நானேதான் சொன்னேன். அவர் சிரித்தார். "அது எப்பவும் பிடிச்சுத்தான் சார் வச்சிருப்பேன். ஆள் நிக்கணும்ல."

ஆள் நிக்கணும்ல. இந்த ஒரு வார்த்தைக்கு எவ்வளவு வயசு! பிரிட்டிஷ் இந்தியாவில் 1843இலேயே சட்டம் அடிமை முறைக்கான அங்கீகாரத்தை எடுத்துவிட்டது. ஆனால் ஆளை நிறுத்தி வைக்க வேண்டிய அவசியம் முதலாளிக்கு அப்படியே இருந்தது. இலங்கைத் தோட்டங்களில் அதற்கு வழி 'துண்டு'. கங்காணியின் கூட்டம் தோட்டத்துக்குத் தரவேண்டிய கடன் அந்தச் சீட்டில் எழுதியிருக்கும். வேறு தோட்டத்துத் துரை அந்தக் கடனைக் கட்டினால் கூட்டம் மொத்தமும் அவரிடம் போகும். ஆளை விற்கவில்லை, கடனைத்தான் கைமாற்றினோம் என்று சொல்லிக்கொள்ளலாம். 1921இல்தான் அதை ஒழித்தார்கள். வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் இதே கதை நடந்ததை, அங்கே மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 'ரெட் டீ' நாவலில் எழுதினார். இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். பாலாவின் 'பரதேசி' (2013) அந்த நாவலிலிருந்து வந்ததுதான்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். எங்கள் வீட்டிலிருந்து பைக்கில் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் வருகிற செங்குன்றம் பக்கம், அரிசி ஆலைகளில் ராத்திரி நெல் அவித்துப் பகலில் களத்தில் காயப்போட்ட இருளர் குடும்பங்களைப் பலமுறை அதிகாரிகள் மீட்டிருக்கிறார்கள். 2011இல் இதே திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு செங்கல் சூளையிலிருந்து மட்டும் ஒடிசாக்காரர்கள் 500 பேருக்கு மேல் மீட்கப்பட்டார்கள். சங்கிலி கிடையாது. முன்பணம், அதைக் கழிக்க ஒரு நோட்டு, அவ்வளவுதான். அந்த நோட்டில் கணக்கு ஒருநாளும் நேராகாது.

1976இல் வந்த கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இதை நன்றாகவே புரிந்துவைத்திருக்கிறது. அடித்தார்களா, பூட்டி வைத்தார்களா என்று மட்டும் அது பார்ப்பதில்லை. வாங்கிய கடனுக்காக ஒருவர் இஷ்டப்பட்ட இடத்துக்குப் போக முடியவில்லையா, வேறு வேலைக்கு மாற முடியவில்லையா, குறைந்தபட்சக் கூலிகூடக் கிடைக்கவில்லையா என்றும் பார்க்கிறது. 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் நீதிபதி பகவதி இன்னும் ஒரு படி மேலே போனார். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வாங்கும் உழைப்பு கட்டாய உழைப்புதான், பசியும் ஒரு கட்டாயம்தான் என்றது அந்தத் தீர்ப்பு.

நான் கொத்தடிமை வைத்திருந்தேன் என்று சொல்ல வரவில்லை. ஒரு வாரக் கூலி எங்கே, அந்த நோட்டு எங்கே! ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: எனக்கு வேலை ஆகிறவரை இவன் கிளம்பக் கூடாது.

அப்பா அறுபதுகளின் கடைசியில் விழுப்புரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வந்தவர். எஸ்டேட் தொடங்கி அப்போது சில வருஷங்கள்தான். என்ன சம்பளம் வாங்கினேன் என்று அவர் பேசி நான் கேட்டதில்லை. எத்தனை கம்பெனி மாறினேன் என்பதைத்தான் விரல்விட்டு எண்ணுவார். "ஃபோர்மேன் மரியாதையில்லாம பேசினான், மறுநாள் அடுத்த கேட்ல போய் நின்னேன்" என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஊரில் தாத்தாவுக்கு அந்த மறுநாள் இருந்ததில்லை. பண்ணையை விட்டு எங்கே போவார்? எங்கள் குடும்பத்தில் ஒரு தலைமுறைக்கு முன்னால்தான் கிடைத்த அந்த மறுநாளை, இன்னொருவனுக்கு இல்லாமல் செய்ய எனக்கு ஒரு நிமிஷம் போதுமாக இருந்தது. அதுவும் எந்தக் கோபமும் இல்லாமல்.

இறக்கிய கல்லை எண்ணிக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு கல்லிலும் சூளைக்காரரின் எழுத்து அச்சாகியிருந்தது. ஒரு கல்லின் ஓரத்தில் மட்டும், பச்சைக்கல்லாக இருந்தபோது பதிந்த மூன்று விரல் தடம். பெரியவர் விரலா, பிள்ளை விரலா, தெரியவில்லை. என் விரலை வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை.

அன்று சாயங்காலமே மேஸ்திரியை மடக்கி, பிடித்து வைத்த கூலியைக் கொடுக்கச் சொன்னேன். "அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது சார்" என்றார். அவ்வளவு நாளும் "பையா" என்றே கூப்பிட்டவர்களிடம் முதல்முறையாகப் பெயர் கேட்டேன். சொன்னார்கள். பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள் அவர்கள் ஊரில் நுவாகாய், புது நெல்லைச் சாமிக்குப் படைத்துச் சாப்பிடுகிற நாளாம். நம் பக்கம் புதிர் எடுப்பது போல.

சனிக்கிழமையே கொரட்டூர் ஸ்டேஷனில் சென்ட்ரலுக்கு ரயில் ஏறிவிட்டார்கள். வேலை நின்றது. ஒன்பது நாள். சென்ட்ரிங் பலகைக்கு வாடகை ஏறிக்கொண்டே போனது. பாதியில் நின்ற சுவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. நல்ல காரியம் செய்தவனுக்கு வர வேண்டிய நிம்மதி வரவே இல்லை. "கூலியப் பிடிச்சு வச்சிருந்தா இந்நேரம் தளம் போட்டிருக்கலாம்" என்று மனசு கணக்குப் போட்டபடியே இருந்தது. படத்தில் அட்டையைத் தூக்கியவர்களும் இப்படி ஏதோ கணக்குப் போட்டுத்தானே உட்கார்ந்திருந்தார்கள்.

பத்தாம் நாள் ஒருவன் மட்டும் திரும்பி வந்தான். இன்னொருவனுக்குச் சூரத்தில் வேலை கிடைத்துவிட்டதாம். மேஸ்திரி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

மறுநாள் அடுத்த கேட்டில் போய் நின்றிருக்கிறான், அவ்வளவுதான்.