பெயரும் உடலும்

இங்கிலாந்தில் தேம்ஸ் ஆற்றை நோக்கும் குன்றொன்றின்மேல், ரன்னிமீடு என்னுமிடத்தில், விமானப் படையினரின் நினைவாலயம் உள்ளது. 1953இல் திறக்கப்பட்ட அதன் சுவர்களில் 20,000க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இரண்டாம் உலகப் போரில் பறந்து சென்று, அறியப்பட்ட கல்லறையின்றி மறைந்தோர் அவர்கள். வடகடலில் வீழ்ந்த குண்டுவீச்சு விமானக் குழுவினரும் அவர்களுள் உளர். லங்காஸ்டர் விமானத்தில் பொதுவாக எழுவர் செல்வர். அது கடலுள் மூழ்கினால், 'காணவில்லை' என்னும் செய்தி ஏழு வீடுகளுக்குச் செல்லும். தாய் மலர் வைக்க ஒரு பிடி மண்ணும் இராது.

ஆயினும் மனச்சான்று ஒரு வினா எழுப்புகிறது. இத்தகைய விமானங்களே 1943 ஜூலையில் ஹாம்பர்க் நகரைத் தீக்காடாக்கின. அங்கே 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அழித்தவருக்காகக் கண்ணீர் சிந்துவது தகுமோ?

நகரங்களை மக்களோடு அழிக்கும் போர்ச்செயல் இறைவனுக்கும் மனிதருக்கும் எதிரான குற்றமென 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாகக் கூறியது. நமது இரங்கல் அத்தீர்ப்பை மாற்றாது. அத்தீர்ப்பும் நமது இரங்கலைத் தடுக்காது. செயலை எடைபோடுவது நீதி. இழந்த உயிரை நினைப்பது அன்பு.

ஹாம்பர்க்கின் ஓல்ஸ்டார்ஃப் கல்லறைத் தோட்டத்தில், தீயில் மாண்டோரின் பொதுப் புதைகுழி சிலுவை வடிவில் அமைந்துள்ளது. அங்குள்ள மரச் சட்டங்களில் அழிந்த குடியிருப்புப் பகுதிகளின் பெயர்களே காணப்படுகின்றன. ரன்னிமீட்டில் பெயர்கள் உண்டு, உடல்கள் இல்லை. ஓல்ஸ்டார்ஃபில் உடல்கள் உண்டு, ஆட்பெயர்கள் இல்லை. தம்மவரை மட்டும் நினைப்பவர் பாதியையே நினைக்கிறார். நவம்பரில் இறந்தோருக்காகச் செபிக்கும் நாம், இவ்விரு சாராரையும் ஒரே செபத்தில் நினைக்கத் துணிவோமா?