காரணம் வேறு, நியாயம் வேறு

“காரணமே இல்லாமல் என்மேல் பழி போடுகிறார்கள்” என்று மனம் நொந்து சொல்பவர்களை நாம் அன்றாடம் பார்க்கிறோம். அவர்களுடைய துயரம் உண்மை. ஆனால் சொல் பொருந்தவில்லை. காரணமில்லாமல் எவரும் எவர்மேலும் பழி போடுவதில்லை. பொறாமை ஒரு காரணம். பழைய பகை ஒரு காரணம். பொழுது போகவில்லை என்பதும் ஒரு காரணமே. அந்தப் பழிக்கு இல்லாதவை ஆதாரமும் நியாயமுமாகும்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. ‘காரணம் இருந்தது’ என்று சொல்லிக்கொண்டே நாம் செய்துவிடும் அநியாயங்களைக் கணக்கெடுத்தால், இந்த வேறுபாட்டின் அருமை விளங்கும்.

திருமறை இவற்றைத் தனித்தனிச் சொற்களால் பிரித்துக் காட்டுகிறது. நோக்கமற்ற வீண் காரியத்துக்கு ‘அபஸ்’. பயனற்ற பேச்சுக்கு ‘லக்வு’. ஆதாரமற்ற யூகத்துக்கு ‘ளன்’. உரிமையோ நியாயமோ இல்லாத செயலுக்கு ‘பிகைரி ஹக்’. முற்கால நபிமார்களைக் கொன்றவர்களைப் பற்றிக் கூறுமிடத்தில் இந்தக் கடைசிச் சொல்லே ஆளப்படுகிறது. அவர்களுக்குக் காரணம் இல்லாமலா போயிற்று? தங்கள் மனம் விரும்பாததை அந்தத் தூதர்கள் கொண்டுவந்தார்கள் என்பதே அவர்களுடைய காரணம் என்பதை ‘அல்பகரா’ அத்தியாயத்தின் 87-ஆம் வசனம் காட்டித் தருகிறது. காரணம் இருந்தது, ஹக் இல்லை.

நம் தெருக்களுக்கு வருவோம். கொருக்குப்பேட்டையில் ரயில் பாதைகளுக்கும் சரக்கு லாரிகளுக்கும் நடுவே, சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் குடும்பங்கள் வாழ்கின்றன. அடுத்த வீட்டில் தாளிக்கும் வாசனை இந்த வீட்டுக்கு வரும்போது, பேச்சு மட்டும் வராமலிருக்குமா? ஒரு பெண்ணுக்கு வரன் வருகிறது. மாப்பிள்ளை வீட்டார் தெருவில் விசாரிக்கிறார்கள். “அந்தப் பெண் ஒரு மாதிரியாம்” என்று யாரோ சொல்லிவிடுகிறார்.

நம் தமிழில் அந்தச் சின்ன ‘ஆம்’ மிகவும் நாணயமானது. ‘நான் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன்’ என்று அது ஒப்புக்கொண்டுவிடுகிறது. ஆனால் இரண்டாவது வாய்க்குப் போகும்போது ‘ஆம்’ உதிர்ந்துவிடுகிறது. ‘ஒரு மாதிரி’ மட்டும் நிற்கிறது. மூன்றாவது வாயில் அது உறுதியான செய்தியாகிறது. வரன் திரும்பிப் போய்விடுகிறது. யாராவது தட்டிக் கேட்டால், “நெருப்பில்லாமல் புகையுமா?” என்ற பழமொழி தயாராக இருக்கிறது.

நெருப்பில்லாமலும் புகையும் என்பதற்கு நம் மார்க்க வரலாறே சாட்சி. பனூ முஸ்தலிக் போரிலிருந்து திரும்பும் வழியில், தொலைந்த கழுத்து மாலையைத் தேடிப்போன அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பின்தங்கிவிட்டார்கள். அவர்கள் பல்லக்கினுள் இருப்பதாக எண்ணி மற்றவர்கள் புறப்பட்டுவிட்டனர். பின்னால் வந்த ஸஃப்வான் (ரலி) அவர்கள் தம் ஒட்டகத்தில் அவர்களை ஏற்றி, தாம் நடந்து வந்து சேர்த்தார்கள். நயவஞ்சகர்களின் தலைவன் அப்துல்லாஹ் இப்னு உபை இதைப் பிடித்துக்கொண்டான். சுமார் ஒரு மாத காலம் மதீனா புகைந்தது.

அன்னையவர்கள் பின்தங்கியது உண்மை. அந்த ஒட்டகத்தில் வந்ததும் உண்மை. ‘காரணம்’ என்று பேச அவ்வளவு போதுமானதாக இருந்தது. ஆனால் ஆதாரம் எங்கே? ‘அந்நூர்’ அத்தியாயம் இறங்கி, நான்கு சாட்சிகளைக் கேட்டது. கேட்ட மாத்திரத்தில் நல்லெண்ணம் கொள்ளாததற்காக முஃமின்களைக் கண்டித்தது. அறியாததை நாவால் பரப்புவதை மக்கள் அற்பமாக எண்ணினாலும் அல்லாஹ்விடம் அது மிகப் பெரிது என்று எச்சரித்தது.

அத்தோடு நிற்கவில்லை. அவதூறு பேசியவர்களில் மிஸ்தஹ் என்பவர், அபூபக்கர் (ரலி) அவர்களின் உதவியால் வாழ்ந்த ஏழை உறவினர். இனி அவருக்கு உதவுவதில்லை என்று அபூபக்கர் (ரலி) சத்தியம் செய்தார்கள். மகளின் மானத்தைக் குலைத்தவர்மீது ஒரு தந்தைக்கு வரும் கோபத்துக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா? ஆயினும் மன்னிக்கும்படி 22-ஆம் வசனம் இறங்கியது. உதவி மீண்டும் தொடர்ந்தது. நியாயமான கோபம்கூட ஏழையின் வயிற்றில் அடிக்கத் தக்க காரணம் ஆகாது என்று கற்றோம்.

ஒரு பெண்ணுக்கு நேர்வது சமூகங்களுக்கும் நேர்ந்ததுண்டு. 1871-இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. பிறப்பையே ஆதாரமாக்கி முழுச் சமூகங்களிடம் கைரேகை எடுத்தார்கள். அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920-இல் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். 1952 ஆகஸ்ட் 31-இல்தான் அந்தப் பட்டியல் நாடெங்கும் நீங்கியது. சட்டம் போயிற்று; குணம் போகவில்லை. வடசென்னை முகவரியைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. முஸ்லிம் என்றதும் வாடகைக்கு வீடில்லை என்பவர்களும் உண்டு. அநியாயம் என்கிறோம், சரியாகவே சொல்கிறோம். அதே தராசைத்தானே அடுத்த வீட்டுப் பெண்ணுக்கும் பிடிக்க வேண்டும்?

அப்படியானால் சம்பந்தம் விசாரிக்க வருபவரிடம் வாயே திறக்கக் கூடாதா? அப்படியன்று. ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டபோது, ஒருவர் பொருளற்ற ஏழை என்றும், மற்றவர் பெண்களிடம் கடுமை காட்டுபவர் என்றும் நபியவர்கள் மறைக்காமல் கூறி, உஸாமா (ரலி) அவர்களை மணக்கச் சொன்னார்கள். அங்கே கேட்டவருக்குத் தேவை இருந்தது. சொன்னவருக்கு அறிவு இருந்தது. சொன்னது தேவைக்கு மேல் போகவில்லை. இம்மூன்றும் கூடினால் அது அமானிதம். இவை இல்லாமல் சொன்னது மெய்யானால் புறம், பொய்யானால் அவதூறு.

ஆகவே, வாய் திறக்குமுன் ‘இதைச் சொல்ல எனக்குக் காரணம் உண்டா?’ என்று கேட்பது போதாது. மனம் எப்போதும் ஒரு காரணத்தைத் தயாரித்துக் கொடுத்துவிடும். ‘நான் அறிந்ததா? சொல்ல எனக்கு ஹக் உண்டா?’ என்றே கேட்க வேண்டும். செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் நாளில், ‘எல்லோரும் சொன்னார்கள்’ என்ற பதில் செல்லாது. கேட்டதைச் சொல்ல நேர்ந்தால், குறைந்தபட்சம் அந்த ‘ஆம்’ உதிராமலாவது சொல்வோம். அதனினும் மேல், நம்மோடு நிறுத்திவிடுவோம்.

வல்ல நாயன் நம் நாவுகளைக் காத்தருள்வானாக! ஆமீன்.