யாருடைய கண்ணுக்கு?

பிளேஸ்டேஷன் 3 எம்கேவி கோப்பைப் படிக்காது. அது ஏற்கிற ஃபேட்32 பென் டிரைவிலோ 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு ஏறாது. தொண்டாமுத்தூரில் ஒரு வீட்டுக் கல்யாண வீடியோ 9 ஜிபி. "கன்வெர்ட் பண்ணிட்டு ஒரிஜினலை அழிச்சிருங்க, இடமாவது மிச்சமாகும்" என்று யோசனை சொல்ல ஆளா இல்லை?

கன்வெர்ட் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேலை இருக்கிறது. எம்கேவி வெறும் பாத்திரம். உள்ளே இருப்பது எச்.264 படமென்றால் அதைத் தொடாமலே எம்2டிஎஸ் என்ற வேறு பாத்திரத்துக்கு மாற்றி, துண்டாக்கிக்கொள்ளலாம். நிமிஷ வேலை, ஒரு புள்ளி குறையாது. மற்றது, மறுபடி சுருக்குவது. மணிக்கணக்கில் ஓடும். கண்ணுக்குத் தெரியாது என்று கணக்குப் போட்டதையெல்லாம் மென்பொருள் எறிந்துவிடும். எறிந்தது திரும்பாது.

யாருடைய கண்ணுக்கு? பந்தல் ஓரத்து அரையிருட்டில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் அப்பாரு. அதிகமாகச் சுருக்கினால் கட்டம் கட்டமாகக் கலங்குவது இந்த மாதிரி இருட்டுத்தான். இன்றைக்கு யாரும் அவரைப் பார்க்கப்போவதில்லை. எல்லார் கண்ணும் மணவறையில். அவர் போன பிறகு அந்த ஓரத்தில்தான் படத்தை நிறுத்துவார்கள்.

பார்க்க முடியாத அசலை வைத்துக் கும்பிடவா என்று கேட்பது நியாயம்தான். பிரதி தாராளமாக எடுக்கட்டும். அசலை அழிக்கச் சொல்வது வேறு. 2006ல் வந்து, 2017ல் ஜப்பானிலும் தயாரிப்பு நின்றுபோன பெட்டி அது. அதன் வயிற்றளவுக்கு அப்பாரு முகத்தைக் குறைக்க நம்மிடம் யார் சம்மதம் கொடுத்தார்கள்? கேட்க வேண்டிய பேத்தி இன்னும் பிறக்கவே இல்லை.