இந்தப் பெட்டி எதற்கு?

கணினிக்கு வயசாகிவிட்டது, அதனால்தான் மெதுவாகிவிட்டது என்கிறோம். பாதிதான் உண்மை. உள்ளே இருக்கும் செயலி, வாங்கிய அன்று போட்ட கணக்கைக் கிட்டத்தட்ட அதே வேகத்தில்தான் இன்றும் போடுகிறது. விசிறியில் தூசி அடைத்துச் சூடேறினால், கருகிப்போகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தூசியைத் தட்டி, தெர்மல் பேஸ்ட் புதிதாகத் தடவினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மற்றதெல்லாம் நாம் அதன் தலையில் ஏற்றிய சுமை.

என் பெரியப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவருடைய லேப்டாப் 2014-இல் வாங்கியது. ஊர்க்கோயில் தலவரலாறு, குடும்பத்தின் வம்சாவளி, நண்பர்களின் மணிவிழா மலருக்கு எழுதிய வாழ்த்துப்பாக்கள் எல்லாம் அதற்குள்தான். பவர் பட்டனை அமுக்கிவிட்டுக் காபி போடப் போவார்; குடித்து முடித்து டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தால் திரை தயாராக இருக்கும். அவருக்கு இதில் ஒரு குறையும் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குத்தான் பொறுக்கவில்லை. அந்தக் கணினியின் முன்னால் அவன் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை என்பது வேறு விஷயம்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். செயலி பத்து சதவீதம்கூட வேலை செய்யவில்லை. டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நின்றது. நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க் அது. ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. கேட்ட தகவல் துணுக்கு, படிக்கும் முனைக்கு அடியில் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். சின்னச் சின்னத் துணுக்குகளாக அங்கங்கே சிதறிக் கிடந்தால் விநாடிக்கு நூறு எடுப்பதே பெரும்பாடு. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, காய் வாங்கப் போன ஆள் எப்போது வருவான் என்று வாசலைப் பார்த்திருக்கும் சமையல்காரரின் நிலைதான் செயலிக்கு. ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக மாட்டும் எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டே கிடையாது. அதே துணுக்கு ஒரு மில்லி விநாடிக்கு உள்ளாகவே கைக்கு வந்துவிடும். பழைய கணினிக்கு ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்பவர்களிடம், எஸ்.எஸ்.டி.க்கு மாறுங்கள் என்பேன்.

அதற்கு முன்னால், கணினி எழும்போதே கூட எழுந்துகொள்ளும் நிரல்களின் பட்டியலைப் பார்த்தோம். ஒவ்வொன்றாகக் காட்டி, "இது வேணுமா பெரியப்பா?" என்று கேட்டேன்.

"அந்தப் பிரிண்டரை எடைக்குப் போட்டாச்சேடா!" என்றார். இல்லாத பிரிண்டருக்காகத் தினமும் ஒரு நிரல் காவல் காத்துக்கொண்டிருந்தது. கூடவே, ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு இரண்டு ஆன்டிவைரஸ்.

"சரி, உங்களுக்கு இதுல என்னதான் வேணும்?"

"டைப் அடிக்கணும். பேப்பர் படிக்கணும். சாயங்காலம் பேத்தி மொகத்தைப் பாக்கணும். அவ்வளவுதான்."

யோசிக்கவே இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. என் கணினி எதற்கு என்று யாராவது கேட்டால் என்னால் இப்படி மூன்று வரியில் சொல்ல முடியாது. எதற்கு என்று தெரியாதபோது எல்லாவற்றுக்கும் ஆகட்டும் என்று பெரிதாக ஒன்றை வாங்கிவிடுகிறோம். வீடும் அப்படித்தான் வாங்குகிறோம், பிள்ளைகளின் படிப்பையும் அப்படித்தான் தேர்ந்தெடுக்கிறோம்.

மென்பொருளும் இதே வழிதான். பாஸ்கல் மொழியை உருவாக்கிய நிக்லாஸ் விர்த், வன்பொருள் வேகமாவதைவிடத் துரிதமாக மென்பொருள் மந்தமாகிக்கொண்டிருக்கிறது என்று 1995-லேயே எழுதினார். அந்த வருடம் வந்த விண்டோஸ் 95-க்குக் குறைந்தது 4 எம்.பி. ரேம் வேண்டும் என்றார்கள். விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி. ஆயிரம் மடங்கு. ஒரு விடுப்புக் கடிதம் அடிக்க ஆகும் நேரம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அதற்காக, நிதானமே அழகு என்று பாட நான் வரவில்லை. பெரியப்பாவின் லேப்டாப்பில் இருந்த விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்த 2014 மாடலை ஏற்காது, அதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். பாதுகாப்பு அப்டேட் இல்லாத கணினியில் பென்ஷன் கணக்கைத் திறப்பது விபரீதம். ஆகவே எஸ்.எஸ்.டி.யை மாட்டி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டுவிடலாம் என்றேன்.

எவ்வளவு வேகமாக ஓடும் என்று பெரியப்பா கேட்கவில்லை. "பாமினி எழுத்து மாறாம வருமா?" என்றார்.

நியாயமான கேள்வி. அவர் எழுதியதெல்லாம் பாமினி எழுத்துருவில். அந்த எழுத்துரு இல்லாவிட்டால் தலவரலாறு முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். எழுத்துருவைப் புதிய இடத்திலும் நிறுவிக்கொள்ளலாம். கோப்புகளை யூனிகோடுக்கே மாற்றிவிட்டால் இன்னும் நல்லது என்றேன். அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் ஊர் அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கப் பேஜ்மேக்கர் மென்பொருள்தான். யூனிகோடு அதற்குச் செல்லாது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வெளிவந்தது 2001-இல். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், திருவிழா நோட்டீஸ் எல்லாம் இன்றும் அதில்தான் தயாராகின்றன. புதுசாக மாற்றக் கூடாதா என்று பெரியப்பா ஒருமுறை அச்சகக்காரரிடம் கேட்டிருக்கிறார். "இந்த முகூர்த்த சீசன் முடியட்டும் சார்" என்றாராம். அதற்குப் பிறகு எத்தனையோ முகூர்த்த சீசன் முடிந்துவிட்டது.